ஒன்பது என்ன, டீச்சர்?

கோலாலம்பூர், செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டின் முன்னறையில் வாரத்துக்கு மூன்று மாலை நான் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். வருகிறவர்கள் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள். பழமொழி அவர்களுக்குப் புதிய சரக்கு இல்லை. தமிழ்ப் பாடத்தில் பழமொழி, மரபுத்தொடர், உவமைத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவி என்று வகை வகையாக மனப்பாடம் செய்தவர்கள்; மலாய்ப் பாடத்தில் பெரிபஹாசா என்ற பெயரில் இன்னொரு மூட்டையையும் சுமந்தவர்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளே ஆங்கிலப் பழமொழி என்றதும் விழிக்கிறார்கள். சென்ற மாதம் படிவம் இரண்டு மாணவி ஒருத்தி “எ ஸ்டிச் இன் டைம் சேவ்ஸ் நைன்” என்பதை நோட்டில் எழுதி, அதன் கீழே “நேரத்தில் ஒரு தையல் ஒன்பதைக் காப்பாற்றும்” என்று மொழிபெயர்த்துவிட்டு, அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “ஒன்பது என்ன, டீச்சர்?”

நல்ல கேள்வி. அந்த வாக்கியத்தில் அவளுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் வாக்கியம் அவளுக்குப் பிடிபடவில்லை. ஒன்பது என்பது ஒன்பது தையல். முதலில் ஒரு முறை சொல்லிவிட்டதால் ஆங்கிலம் அந்தச் சொல்லை இரண்டாம் முறை விழுங்கிவிட்டது. ‘இன் டைம்’ என்பது இங்கே ‘உரிய காலத்தில்’ என்று பொருள்படும். ‘சேவ்ஸ்’ என்பது காப்பாற்றுவதைக் குறிக்கவில்லை, மிச்சப்படுத்துவதைக் குறிக்கிறது. பள்ளிப் பாவாடையின் மடிப்போரத்தில் நூல் அரை அங்குலம் விட்டுப்போனதைத் திங்கட்கிழமை மாலையில் கவனித்து, அன்றே ஊசியை எடுத்து ஒரு தையல் போட்டு முடிச்சிட்டால் வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமை வரை விட்டுவைத்தால், படியேறும்போதும் பேருந்தில் ஏறும்போதும் காலில் மாட்டி மாட்டி நூல் ஓடி, மடிப்பே தொங்கிவிடும். அப்போது ஒன்பது தையல் போட்டாக வேண்டும். ஏன் எட்டோ பத்தோ ஆகாமல் ஒன்பது? ‘டைம்’, ‘நைன்’ என்ற இரண்டும் காதில் ஏறக்குறைய ஒரே ஓசையாக விழுவதுதான் காரணமாக இருக்க வேண்டும். கணக்குப் பார்த்துச் சொன்ன எண் என்று நினைக்க இடமில்லை. 1732-இல் தாமஸ் ஃபுல்லர் என்பவர் வெளியிட்ட தொகுப்பில் இப்பழமொழி ‘ஒன்பதை மிச்சப்படுத்தக்கூடும்’ என்று சற்றுத் தயக்கத்துடன்தான் இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் அந்தத் தயக்கத்தை உதிர்த்துவிட்டார்கள்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்டால், வகுப்பில் உடனே எழும் விடை “வெள்ளம் வருமுன் அணை போடு” என்பதாகும். மலாய் நன்றாக வருகிற பையன் ஒருவன், மழைக்கு முன் குடையை எடுத்து வை என்ற மலாய்ப் பழமொழியைச் சொல்வான். இரண்டும் அருமையானவை. 1971 ஜனவரியில் பெருவெள்ளம் கண்டு, 2007-இல் வெள்ளநீரைத் திருப்பிவிடுவதற்கென 9.7 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தைத் திறந்த நகரத்தில் வாழ்கிறவர்களுக்கு அவற்றை விளக்க வேண்டியதே இல்லை. ஆனால் அவை இரண்டும் கேடு வருவதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்கின்றன. தையல் பழமொழியிலோ துணி ஏற்கெனவே சற்றுக் கிழிந்துவிட்டது. சிறிதாக இருக்கும்போதே சரிசெய் என்பதுதான் அதன் பேச்சு. ஆகவே “நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரியால் வெட்டும்படி விட்டான்” என்ற தமிழ் வழக்கே அதற்கு நெருங்கிய உறவு என்பது என் எண்ணம்.

மேலே போவதற்கு முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஆங்கிலத்தில் ‘ப்ராவெர்ப்’ எனப்படுவது தமிழில் பழமொழி; ‘இடியம்’ எனப்படுவது மரபுத்தொடர். பழமொழி பெரும்பாலும் தானே ஒரு முழு வாக்கியமாக நின்று, உலகத்தைப் பற்றியோ மனிதரைப் பற்றியோ ஒரு கருத்தைச் சொல்லிவிடும். அதைக் கேட்டு “ஆமாம்” என்றோ “அப்படி ஒன்றும் இல்லை” என்றோ பதில் சொல்லலாம். மரபுத்தொடர் ஒரு வாக்கியத்துக்குள் ஓர் உறுப்பாக இருந்து வேலை செய்வது; அதனிடம் தனிக் கருத்து எதுவும் கிடையாது. நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்று, கப்பல் கப்பலாக நிலக்கரியை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த நியூகாசில் நகரத்துக்கே நிலக்கரியைச் சுமந்து செல்வது என்று ஆங்கிலத்தில் சொல்வது மரபுத்தொடர். கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்று நாம் சொல்வதும் அதே வகைதான். மலாயில் பெரிபஹாசா என்ற பெரிய குடைக்குள் இரண்டும் அடங்கிவிடுவதால், நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் இரண்டையும் கலந்து எழுதிவிடுகிறார்கள். இதில் அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஆங்கிலப் பழமொழியைப் புரிந்துகொள்ள நான் சொல்லித் தருகிற வழி மிகவும் எளிமையானது. முதலில் அதில் வருகிற பொருள் என்ன, அது அந்த ஊரில் எப்படிப் புழங்கியது என்று பார்க்க வேண்டும். அடுத்து, யார் யாரிடம் எந்தச் சமயத்தில் அதைச் சொல்வார்கள் என்று கேட்க வேண்டும். தமிழ் இணையைத் தேடுவது கடைசியில்தான். பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மொழிபெயர்க்கிறார்கள், உடனே ஒரு தமிழ்ப் பழமொழியை ஒட்டுகிறார்கள், பொருள் என்ன என்று கடைசிவரை பார்ப்பதே இல்லை.

வைக்கோல் பழமொழியை எடுத்துக்கொள்வோம். “மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்” என்றால் வெயில் அடிக்கும்போதே புல்லை உலர்த்திக்கொள் என்று பொருள். இங்கே ‘ஹே’ என்பது நெல் அறுத்த பின் எஞ்சும் வைக்கோலைக் குறிப்பதில்லை. மாட்டுக்கும் குதிரைக்கும் குளிர்காலத் தீனியாகச் சேமிப்பதற்கென்றே வெட்டி உலர்த்தும் புல்லுக்கு அந்தப் பெயர். ஆண்டு முழுவதும் புல் முளைத்துக்கொண்டே இருக்கிற, பக்கத்துத் திடலில் வெட்டி மாளாத மலேசியாவில் பிறந்த பிள்ளைக்கு, புல்லைச் சேமிப்பது என்ற எண்ணமே வேடிக்கையாகத்தான் இருக்கும். இங்கிலாந்தின் குளிர்காலத்தில் மேய்ச்சல் கிடையாது. கோடையில் வெட்டிய புல்லைச் சில நாள் தொடர்ந்து வெயிலில் புரட்டிப் போட்டு உலர்த்த வேண்டும். ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும். போர் உள்ளுக்குள் சூடேறித் தானாகத் தீப்பற்றுவதும் உண்டு. அந்த நாட்டில் தொடர்ந்து நான்கு நாள் வெயில் அடிப்பது என்பது கொடுப்பினை. ஆகவே வெயிலைக் கண்டதும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வயலுக்கு ஓடினார்கள். அந்த அவசரம்தான் பழமொழியின் உயிர்.

தமிழில் இதற்கு இணை “காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்” என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். படிவம் மூன்று மாணவன் ஒருவன், தூற்றுவது என்றால் பழிப்பது என்று எடுத்துக்கொண்டு, வாய்ப்புக் கிடைக்கும்போதே பிறரைத் திட்டிவிட வேண்டும் என்று இதற்கு விளக்கம் எழுதியிருந்தான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் அறிந்த ‘தூற்றுதல்’ அதுதான். போரடித்த நெல்லை முறத்தில் எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிச் சரியவிடும்போது பதர் காற்றில் விலகிப் பறக்க, மணி காலடியில் குவியும் காட்சியை அவனும் பார்த்ததில்லை, அவன் அப்பாவும் பார்த்ததில்லை. இங்கிலாந்துக்காரனுக்கு அரிது வெயில். தமிழ்நாட்டு உழவனுக்கு வெயில் எப்போதும் உண்டு, அவன் காத்திருந்தது காற்றுக்கு. இரண்டு பழமொழிகளையும் அருகருகே வைத்துப் படித்தபோது, ஆங்கிலத்தின் உதவியால் தமிழ்ப் பழமொழியும் அந்தப் பையனுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

“ஸ்டிரைக் வைல் தி அயர்ன் இஸ் ஹாட்” என்பதையும் இதே கருத்து என்று பாடநூல்கள் ஒரே வரியில் சேர்த்துவிடுகின்றன. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. என் தாத்தா செந்தூல் இரயில்வே பட்டறையில் கொல்லு வேலை பார்த்தவர். உலையிலிருந்து எடுத்த இரும்பு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும்போது சம்மட்டி சொன்னபடி கேட்கும் என்றும், அது செக்கச் சிவந்து, பிறகு கருஞ்சிவப்பாக மங்கிய பின் அடித்தால் கைதான் வலிக்கும், இரும்பு விரிசல் விடும் என்றும், அந்த நிறங்களுக்கு இடையே கிடைப்பது சில மூச்சு நேரம்தான் என்றும் சொல்லியிருக்கிறார். வெயில் தானாக வருவது. இரும்பைச் சூடாக்கியவனோ கொல்லனேதான். முன்னது வந்த வாய்ப்பை விடாதே என்கிறது. பின்னது, நீ பாடுபட்டு உண்டாக்கிய சூடு ஆறுவதற்குள் காரியத்தை முடி என்கிறது. வீட்டைப் பார்க்க வந்தவர் பிடித்திருக்கிறது என்று தலையசைத்த அதே மாலையில் முன்பணம் வாங்கிவிடும் தரகருக்குப் பொருந்துவது இரும்புதான்.

ஜான் ஹேவுட் என்ற நாடக ஆசிரியர் 1546-இல் ஆங்கிலப் பழமொழிகளை ஓர் உரையாடல் வடிவில் கோத்து வெளியிட்டார். மேலே சொன்ன புல்லும் இரும்பும் அதில் இருக்கின்றன; இனி வரப்போகிற குதிரை, கேக், கல் ஆகியவையும் இருக்கின்றன. அவர் இவற்றைப் படைத்தவர் அல்லர், மக்கள் வாயில் இருந்ததை எழுதிவைத்தவர்.

குதிரையில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. “டோன்ட் லுக் எ கிஃப்ட் ஹார்ஸ் இன் த மௌத்” என்றால், அன்பளிப்பாக வந்த குதிரையின் வாய்க்குள் பார்க்காதே என்று பொருள். குதிரையின் வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்லிவிடலாம். வயது ஏற ஏறப் பல் தேய்ந்து வடிவம் மாறும், ஈறும் பின்வாங்கும். ஆகவே சந்தையில் விலை கொடுத்து வாங்குகிறவன் முதலில் வாயைத் திறந்து பார்ப்பான். இலவசமாகக் கொடுத்தவன் முன்னால் அதையே செய்வது அநாகரிகம். 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய புனித ஜெரோம், இதை அப்போதே மக்களிடையே வழங்கிய பழமொழி என்று லத்தீனில் குறிப்பிடுகிறார். தமிழ் இணையைப் பாருங்கள்: “தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தானாம்.” குதிரை போய் மாடு வந்திருக்கிறது, பல் அப்படியே இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் பால்மாடு வைத்திருந்த பெரியவர் ஒருவர், மாடு வாங்க வருகிறவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சிறுவயதில் எனக்குக் காட்டியிருக்கிறார். ஒரு கையால் மூக்கைப் பிடித்துத் தூக்கி, மறுகையின் கட்டைவிரலால் கீழுதட்டை மடக்குவார். மாட்டுக்கு மேல்தாடையின் முன்பக்கம் பல்லே கிடையாது என்பதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். கீழே எட்டுப் பல். கன்றுக்குட்டியின் சிறு பற்கள் நடுவிலிருந்து இரண்டு இரண்டாக விழுந்து அகலப் பல் முளைக்கும். இரண்டு பல் போட்டால் ஏறக்குறைய இரண்டு வயது, பிறகு நான்கு, ஆறு, கடைசியில் எட்டும் சேர்ந்துவிட்டால் முழு வளர்ச்சி. அந்தப் பெரியவரின் கட்டைவிரலைப் பார்த்தவளுக்கு ஆங்கிலப் பழமொழியை யாரும் விளக்க வேண்டியதில்லை. தீபாவளிக்கு அத்தை கொடுத்த சட்டையை உள்புறம் திருப்பி விலைச்சீட்டைத் தேடும் பிள்ளையிடம் சொல்லவேண்டியது இதுதான் என்று வகுப்பில் சொன்னேன். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கேக் பழமொழிதான் பிள்ளைகளை அதிகம் குழப்புகிறது. “யூ கான்ட் ஹாவ் யுவர் கேக் அண்ட் ஈட் இட்” என்பதைக் கேட்டதும், கேக்கை வாங்கினால் சாப்பிடத்தானே வாங்குவார்கள் என்று நியாயமாகவே கேட்கிறார்கள். ‘ஹாவ்’ என்ற சொல்லை உணவோடு சேர்த்தால் உண்பது என்றும் பொருள் வரும், அதுதான் வம்பு. இங்கே அதற்கு வைத்திருத்தல் என்று பொருள். ஹேவுட் காலத்தில் ‘சாப்பிடவும் வேண்டும், வைத்திருக்கவும் வேண்டுமா’ என்ற வரிசையில் இருந்தபோது குழப்பம் குறைவாக இருந்திருக்கும். பிற்காலத்தில் வரிசை புரண்டுவிட்டது. தமிழில் “கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை” என்று சொல்லிவிட்டால் வகுப்பு முழுவதும் புரிந்து சிரிக்கிறது. என்னைக் கேட்டால் தமிழ்தான் இங்கே ஒரு படி மேல். கேக்கில் வெறும் தருக்கம் மட்டுமே இருக்கிறது. கூழிலோ வாயருகே கொண்டுபோன கிண்ணமும், முறுக்கிவிட்ட மீசையும், அதன் நுனியில் சொட்டும் கூழும், அதைத் துடைத்துக்கொண்டே கெத்து விடாமல் உட்கார்ந்திருக்கும் ஆசாமியும் தெரிகிறார்கள்.

உருளும் கல்லில் சிக்கல் வேறு வகையானது. “எ ரோலிங் ஸ்டோன் கேதர்ஸ் நோ மாஸ்”, அதாவது உருண்டுகொண்டே இருக்கும் கல்லில் பாசி சேராது. இதன் பொருள் என்ன என்று கேட்டால் என் மாணவர்கள் எல்லாரும் ஒரே குரலில், ஓய்ந்து உட்கார்ந்தால் பாசி பிடித்துவிடும், ஆகவே ஓடிக்கொண்டே இரு என்கிறார்கள். மழை விட்டு மூன்று நாளில் படிக்கட்டில் பச்சை படர்ந்து, பாட்டி வழுக்கி விழாமல் இருக்க அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிற ஊரில் பாசி வேண்டாத பொருள்தான். ஆனால் பழைய ஆங்கில வழக்கில் பாசி சேர்வது நல்லது. ஓரிடத்தில் நிலைத்திருப்பவனுக்குச் சொத்தும் உறவும் பெயரும் சேரும், வேலை மாறி ஊர் மாறி அலைகிறவனுக்கு ஒன்றும் ஒட்டாது என்பதே அன்றைய பொருள். பிற்காலத்தில், குறிப்பாக அமெரிக்கப் பேச்சில், பொருள் திரும்பிவிட்டது. இன்று இரண்டுமே புழங்குகின்றன. ஒருவர் உங்களைப் பார்த்து இதைச் சொன்னால், அவர் பாராட்டுகிறாரா கடிந்துகொள்கிறாரா என்பதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

“த ப்ரூஃப் ஆஃப் த புட்டிங் இஸ் இன் தி ஈட்டிங்” என்பதில் இரண்டு சொற்கள் நம்மை ஏமாற்றுகின்றன. நமக்குப் புட்டிங் என்றால் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தட்டில் கவிழ்த்ததும் ஆடுகிற இனிப்பு. பழமொழி பிறந்த காலத்தில் அது பெரும்பாலும் குடலில் இறைச்சியும் மாவும் கொழுப்பும் அடைத்து வேகவைத்த பண்டம். உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளியிலிருந்து அறிய வழியே இல்லை. ஆகவே தின்று பார்ப்பதைத் தவிர வேறு சோதனை கிடையாது. ‘ப்ரூஃப்’ என்பதற்கும் இங்கே சான்று என்று பொருளில்லை, சோதனை என்பதே பழைய பொருள். இதற்கு இணையாக “ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்று எழுதுகிறவர்கள் உண்டு. இரண்டிலும் சாப்பாடு இருப்பதைத் தவிர வேறு ஒற்றுமை எனக்குத் தெரியவில்லை. சோற்றுப் பருக்கை, சிறு பகுதியைக் கொண்டு முழுவதையும் மதிப்பிடலாம் என்கிறது. புட்டிங்கோ, பெயரையும் தோற்றத்தையும் நம்பாதே, பயன்படுத்திப் பார்த்த பிறகு பேசு என்கிறது. புதிய கைப்பேசியின் விளம்பரத்தைப் பார்த்து மயங்குகிறவனிடம் சொல்ல வேண்டியது பின்னதுதான்.

இதே ‘சோதனை’ என்ற பொருளை இன்னொரு பழமொழியிலும் புகுத்திவிடுகிறார்கள். “தி எக்செப்ஷன் ப்ரூவ்ஸ் த ரூல்”, விதிவிலக்கு விதியை நிலைநாட்டும். ஒரு விதிக்கு எதிரான உதாரணம் கிடைத்தால் விதி உடையத்தானே வேண்டும், எப்படி உறுதிப்படும் என்று கேட்டு, விதிவிலக்கு விதியைச் சோதிக்கிறது என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள். புத்திசாலித்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது லத்தீன் சட்ட வழக்கிலிருந்து வந்தது. விலக்கு அளிக்கப்படாத இடங்களில் விதி உண்டு என்பதை விலக்கே உறுதிப்படுத்துகிறது என்பது அதன் கருத்து. தெருவோரத்தில் “ஞாயிற்றுக்கிழமை வாகனம் நிறுத்தக் கட்டணம் இல்லை” என்று ஒரு பலகை மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மற்ற நாள்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை அங்கே காரை நிறுத்துகிறவர் கட்டணம் செலுத்தவேண்டும் என்பதை யாரும் சொல்லாமலே புரிந்துகொள்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குக் கொடுத்த விலக்குதான் மற்ற ஆறு நாள்களின் விதியை அவருக்குச் சொன்னது. எப்போதும் தாமதமாக வரும் மாமா ஒருநாள் நேரத்துக்கு வந்ததும் இந்தப் பழமொழியை வீசுகிறவர்கள், வேடிக்கையாகச் சொல்கிறார்கள் என்றால் சரி. தருக்கமாகச் சொல்கிறார்கள் என்றால் தவறு.

காசு விஷயத்தில் தமிழும் ஆங்கிலமும் கைகோத்துக்கொள்கின்றன. “பென்னி வைஸ் அண்ட் பவுண்ட் ஃபூலிஷ்”, பென்னியில் கெட்டிக்காரன், பவுண்டில் முட்டாள். 1971 பிப்ரவரி 15 வரை ஒரு பவுண்டுக்கு 240 பென்னி, இப்போது 100. நம் ஊரில் 1 சென் காசு 2008 முதல் கடைக் கணக்கிலிருந்தே மறைந்துவிட்டதால், பென்னியின் சிறுமையை விளக்க நான் பத்து சென் காசைத்தான் காட்டுகிறேன். செந்தூலில் இரண்டு வெள்ளி அதிகம் என்று தக்காளி வாங்காமல், செலாயாங் மொத்தச் சந்தை வரை காரில் போய், நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்று, பெட்ரோலுக்கும் வண்டி நிறுத்தவும் எட்டு வெள்ளி கொடுத்துவிட்டுத் திரும்புகிறவரை இரண்டு மொழிகளும் அறிந்திருக்கின்றன. “கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது” என்பது நம்முடையது.

கருவியைக் குறைசொல்லும் தொழிலாளியைப் பற்றிய ஆங்கிலப் பழமொழிக்கு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று தமிழ் இருக்கிறது. ஆடத் தெரியாதவன் தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்பான் என்று மலாயிலும் அப்படியே இருப்பதைக் கண்டால் பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை மட்டும் அவசியம். பழமொழிகளின் ‘மறைக்கப்பட்ட மறுபாதி’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவருபவற்றை நம்ப வேண்டாம். இரத்தம் தண்ணீரைவிட அடர்த்தியானது என்ற பழமொழி உறவின் வலிமையைச் சொல்வது. நம் மொழியில் தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும். அந்த ஆங்கிலப் பழமொழியின் மூல வடிவம், உடன்படிக்கையின் இரத்தம் கருவறையின் நீரைவிட அடர்த்தியானது என்பதாம். ஆகவே நட்பே உறவைவிட மேலாம். பழைய தொகுப்புகள் எதிலும் அப்படி ஒரு வடிவம் இல்லை. ஆர்வம் பூனையைக் கொன்றது என்பதற்கும் ‘மனநிறைவு அதை உயிர்ப்பித்தது’ என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பூனையின் உண்மைக் கதை வேறு. 1598-இல் மேடையேறிய பென் ஜான்சனின் நாடகத்தில் பூனையைக் கொல்வது ‘கேர்’, அதாவது கவலை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கவலை இருந்த இடத்தில் ஆர்வம் வந்து உட்கார்ந்தது. அந்த வால் அதற்கும் பிறகு முளைத்தது.

பழமொழிகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவே, எதை நம்புவது என்றும் கேட்கிறார்கள். சமையல்காரர்கள் பலர் சேர்ந்தால் கஞ்சி கெடும் என்கிறது ஒன்று, பல கைகள் சேர்ந்தால் பளு குறையும் என்கிறது இன்னொன்று. தமிழில் பதறாத காரியம் சிதறாது என்றும் இருக்கிறது, காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றும் இருக்கிறது. பழமொழியைச் சட்டம் என்று எண்ணினால் இது சிக்கல். சமயம் பார்த்து எடுக்கும் கருவி என்று எண்ணினால், ஒரே பெட்டியில் சுத்தியலும் இருக்கிறது, ஆணி பிடுங்குவதும் இருக்கிறது.

கட்டுரையில் பழமொழியை முழுதாக எழுதலாம். பேச்சில் ஆங்கிலேயர் பெரும்பாலும் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். மீதி கேட்பவருக்குத் தெரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. நாமும் “கூழுக்கும் ஆசை” என்று சொல்லி நிறுத்துவதுண்டு. இதில் அதிகம் அடிபடுவது “வென் இன் ரோம்” என்பது. ரோமில் இருக்கும்போது ரோமானியர் செய்வதைச் செய் என்பது முழு வாக்கியம். இதன் வேர் 4-ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது. கிறித்தவப் புனிதர் அகஸ்தீனாரின் தாய் மோனிக்கா மிலான் நகருக்கு வந்தபோது, அங்கே சனிக்கிழமை நோன்பு இல்லாததைக் கண்டு தாம் என்ன செய்வது என்று குழம்பினார். அந்நகர ஆயர் அம்புரோஸ், தாம் ரோமுக்குப் போனால் சனிக்கிழமை நோன்பிருப்பதாகவும், மிலானில் இருப்பதில்லை என்றும், எந்த ஊர்த் திருச்சபைக்கு வருகிறாயோ அதன் வழக்கத்தைப் பின்பற்று என்றும் பதில் சொன்னதாக அகஸ்தீனாரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். மலாயில், ஆட்டுக் கொட்டிலில் நுழைந்தால் ஆடுபோல் கத்து, எருமைக் கொட்டிலில் நுழைந்தால் எருமைபோல் கத்து. தமிழில், பாம்பு தின்னும் ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு. மூன்றில் தமிழனுக்குத்தான் துணிச்சல் அதிகம். வழக்கத்தைப் பின்பற்றுவதோடு நிற்காமல் நல்ல துண்டாகப் பார்த்துக் கேட்கிறான்.

என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். லண்டனிலிருந்து வந்திருந்த மேலாளரை மதியம் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். கடைக்காரர் அவருக்கு மட்டும் கரண்டியும் முட்கரண்டியும் கொண்டுவந்து வைத்தார். மேலாளர் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார், “வெல், வென் இன் ரோம்” என்றார், கரண்டியை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். பக்கத்தில் இருந்த இவள் மரியாதைக்காக, ரோமுக்கு எப்போது போயிருந்தீர்கள் சார் என்று கேட்டுவிட்டாள். மேசையில் யாரும் ஒன்றும் பேசவில்லையாம். அன்றிரவு எனக்குத் தொலைபேசியில் அழைத்து, “நான் என்ன டீச்சர் தப்பா கேட்டேன்?” என்றாள். மோனிக்காவின் நோன்பையும் ஆட்டுக் கொட்டிலையும் நடுத்துண்டையும் வரிசையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள் நடுத்துண்டில் சிரித்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். அந்த மனிதர் இலையில் கை வைத்த வேகத்தில் ரசத்துக்கு முன்பே இரண்டாம் முறை சோறு கேட்டாராம், பொரித்த வஞ்சிர மீன் வந்ததும் தட்டைத் தன் பக்கம் திருப்பி, பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டாராம்.